என் அடுப்படிக்கு நான் பூசிய செம்மண்

ஒரு வீட்டின் அடுப்படியைப் பார்த்தே, அந்த வீட்டுக் குழந்தை வயிறாரச் சாப்பிடுகிறதா இல்லையா என்று சொல்லிவிட முடியுமா? என் மாமியார் முடியும் என்கிறார். என் கணவர், "சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்" என்கிறார். (அவர் வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. எந்தப் பக்கமும் சேராமல் பேசுவது தொழில் பழக்கம்.) எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை.

விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு வீட்டின் பின் போர்ஷனில் குடியிருக்கிறோம். இது நடந்தபோது மகள் செல்விக்கு ஒரு வயது நிறையவில்லை. ஒல்லியான குழந்தை. நான் கேப்பைக் கூழைக் கிண்ணத்தில் எடுத்துவந்தால் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். நான் பி.எட். படித்தவள். குழந்தைகளின் மனவளர்ச்சி பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதி நல்ல மார்க்கும் வாங்கியவள். மூடிய வாய்க்குள் கூழை எப்படிப் போடுவது என்பது மட்டும் பாடத்தில் வரவில்லை.

மாமியாருக்கு அனந்தபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்த நிலம், கிணறு, மாடு. மாதம் ஒருமுறை மல்லாட்டைப் பையோடு (அவர் ஊரில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) பஸ் ஏறி வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே குழந்தையைத் தூக்கிப் பார்ப்பார். அவர் கை ஒரு தராசு.

"போன தடவைக்கு இப்ப எளைச்சிதான் இருக்குது" என்பார். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது.

ஜூன் மாதத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆசிரியை வேலை உறுதியாகியிருந்தது. அதைச் சொன்னபோது மாமியார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"போம்மே, நல்லாப் போ. படிச்சிட்டு வூட்ல குந்திக்கினு இருக்க முடியுமா? ஆனா புள்ளய யாரு பாத்துக்குவாங்க? வைகாசி பொறந்ததும் வர்றேன். புள்ள தேறியிருந்தா சரி. தேறலன்னா நான் தூக்கிக்கினு போயிடறேன். நீ லீவு வுட்டா வந்து பாத்துக்க."

அவர் சொன்னது நல்லெண்ணத்தில்தான். ஆனால் அன்றிலிருந்து செல்வி என் பக்கத்தில் தூங்கும்போதெல்லாம் அவள் விரலை நான் பிடித்துக்கொண்டே படுப்பேன்.

இப்போது என் அறிவு வேலை செய்த விதத்தைக் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் குழந்தையைக் குண்டாக்க முடியாது. ஆனால் ஒரு மாதத்துக்குள் அடுப்படியை மாற்ற முடியும்.

திண்டிவனத்தில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு வாரப் பத்திரிகையில் யாரோ பணக்காரர் வீட்டுச் சமையலறையின் வண்ணப்படம் வந்திருந்தது. செம்மண் நிறச் சுவர். அதில் வெள்ளைக் கோலம். மண் பானைகள் வரிசையாக. உத்தரத்திலிருந்து வெங்காயமும் மிளகாயும் சரம் சரமாகத் தொங்கின. கீழே, 'கிராமிய அழகு மனத்துக்கு இதம்' என்று எழுதியிருந்தது. படத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. கிராமத்திலிருந்து வருகிறவருக்குக் கிராமத்து அடுப்படி. வாசல்படியில் நிற்கும்போதே இது நம் ஊர் போலவே இருக்கிறதே என்று மனம் குளிர்வார். ஊரே இங்கே இருக்கும்போது குழந்தையை எதற்கு ஊருக்குத் தூக்கிப்போக வேண்டும்?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாமியார் வீட்டு அடுப்படியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சிமெண்ட் தரை, சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், ஸ்டாண்டில் முகம் தெரிகிற எவர்சில்வர் பாத்திரங்கள். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அந்த அடுப்படிக்குக் கிராமிய அழகு போதாது என்றுதான் தோன்றியது.

திண்டிவனம் சந்தையில் சட்டி, பானை, மண் அடுப்பு எல்லாம் வாங்கிச் சாக்கில் கட்டி பஸ் ஏறினேன். இடுப்பில் குழந்தை. கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்தார்.

"வெயிலுக்குத் தண்ணிப் பானை ஒண்ணு வாங்குவாங்க. நீங்க இன்னாம்மா சந்தையவே தூக்கிக்கினு வர்றீங்க? பொங்கலுக்கு இப்பவே ரெடியா?"

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "வூட்ல யாருக்காச்சும் எதுனா ஆயிடுச்சா?" என்று கேட்டார். புதுச்சட்டி வாங்குகிற வேறு காரியமும் உண்டு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இல்லை, சமையலுக்குத்தான் என்றேன். அவர் நம்பவில்லை. இறங்கும்போது என் தோளைத் தொட்டு, "மனச வுட்றாத கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சில நாள்கள் நான் மனிதப் பிறவியாக இல்லை. செம்மண்ணைக் கரைத்துச் சுவர் முழுக்கப் பூசினேன். அரிசி மாவு கரைத்து அதன்மேல் கோலம் போட்டேன். மறுநாள் காலையில் கோலத்தின் ஒவ்வொரு கோட்டிலும் எறும்பு ஊர்ந்தது. துடைத்துவிட்டுச் சுண்ணாம்பால் போட்டேன். எவர்சில்வர் பாத்திரங்களை எல்லாம் கோணிப்பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் துணி போட்டு மூடினேன். மண் அடுப்பை நடுவில் வைத்து, உள்ளே அழகுக்காக நாலு காய்ந்த ஓலையையும் சுள்ளியையும் அடுக்கினேன். அடுப்புக்கு நேர் மேலே, படத்தில் இருந்தபடியே, நீளமாக ஒரு மிளகாய்ச் சரம். ஜன்னலில் கம்பங்கதிர்.

பக்கத்து போர்ஷனில் இருந்த மேரி அக்கா எட்டிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, சுண்ணாம்பு வாங்கக்கூட வூட்டுக்காரர் காசு தரலியா?"

"இது அலங்காரம் அக்கா."

"அப்படியா. நான் செவுரு இடிஞ்சிபோச்சோன்னு பாத்தேன்."

என் கணவரிடம் கேட்டேன். "நல்லாவும் இருக்குது" என்றார். அந்த 'வும்' என்னைப் பிறகுதான் குத்தியது.

மாமியார் வந்த அன்று காலை நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. புதுச்சுவரில் புகை படிந்துவிடுமே. எல்லோருக்கும் ஓட்டலில் இட்லி வாங்கிவரச் சொல்லியிருந்தேன். (இதையும் பி.எட். படித்தவள்தான் செய்தாள்.)

மாமியார் குழந்தையைத் தூக்கினார். எடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் நடந்தார். நான் பின்னால் ஆவலோடு போனேன். வாசல்படியில் நின்றார். சுவரைப் பார்த்தார். பானைகளைப் பார்த்தார். ஜன்னலில் இரண்டு குருவிகள் உட்கார்ந்து கம்பைக் கொத்திக்கொண்டிருந்தன. உமி பறந்து பானைத் தண்ணீரில் விழுந்தது.

"இது குருவிக்கு வாசல்ல கட்டறது இல்ல? இங்க எதுக்கும்மே கட்டி வச்சிக்கினு இருக்கற?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் குனிந்து அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"அடுப்பு மூட்டலியா?"

"இல்ல அத்தை. ஓட்டல்ல வாங்கிட்டு வருவாங்க."

மாமியார் திரும்பித் தன் மகனைப் பார்த்தார். "டேய், வேலை இருக்குதா, போயிட்டுதா?"

"இருக்குதும்மா."

"உன் பொண்டாட்டி கொண்ணாந்த எவர்சில்வர் ஏனமெல்லாம் எங்கடா?"

அவருக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இங்கதான் எங்கியாச்சும் இருக்கும்" என்றார். குற்றம் செய்தவன் சொல்கிற மாதிரியே இருந்தது.

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "சேட்டுக் கடையில அடகு வச்சிட்டீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அதான் புள்ள எளைச்சிக்கினே போவுது" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து செல்வி பசியில் அழ ஆரம்பித்தாள். மாமியார் எழுந்தார், குழந்தையை என் கையில் கொடுத்தார், தன் பையிலிருந்து கேப்பை மாவை எடுத்தார். ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றினார். நான் அழகுக்கு அடுக்கி வைத்திருந்த ஓலையைப் பற்றவைத்தார்.

காய்ந்த ஓலை. தீ ஒரே மூச்சில் எழும்பியது. மேலே இருந்த சணல் கயிறு பொசுங்க, மிளகாய்ச் சரம் முழுதாக அடுப்பில் விழுந்தது.

அடுத்து நடந்ததை விவரிக்கவே எனக்குத் தொண்டை கமறுகிறது. யாருக்கும் கண் தெரியவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவி வெளியே ஓடினேன். (கையெல்லாம் செம்மண்.) முற்றத்தில் பார்த்தால் செல்வியின் முகம் சிவந்து, வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. அந்தச் சத்தம் வருவதற்குள் நான் வேண்டாத சாமி இல்லை. கடைசியில் ஒரு பெரிய தும்மல். பிறகு அழுகை. அவள் அழுததில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

மேரி அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். என் கணவர் இட்லி வாங்கிவர எடுத்த அலுமினியத் தூக்கோடு தெருவில் நின்று இருமினார். மாமியார் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, இருமலுக்கு நடுவே சொன்னார்:

"ஒண்ணு மட்டும் தெரிஞ்சிபோச்சிடா. எம் பேத்திக்குக் கண்ணு கிண்ணு எதுவும் படல. பட்டிருந்தா நெடியே வராது. இது தெருவுக்கே வருது."

மேரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

முகம் கழுவிக்கொண்டு மாமியார் என்னிடம் வந்தார். குரல் மென்மையாக இருந்தது. "புள்ள துணியெல்லாம் எடுத்து வைம்மே. மத்தியான பஸ்ஸுக்கு நான் தூக்கிக்கினு போறேன். உங்களுக்கு நல்ல காலம் வர்றவரைக்கும் அங்க இருக்கட்டும்."

நான் வீட்டுக்குள் ஓடினேன். நெடி இன்னும் அடங்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியிலிருந்து கோணிப்பையை இழுத்துவந்து முற்றத்தில் கவிழ்த்தேன். குடம், அடுக்கு, தட்டு, டம்ளர், இட்லிப் பானை எல்லாம் உருண்டு ஓடின. முன் போர்ஷன்காரர்கள்கூட வந்து பார்த்தார்கள்.

"எல்லாம் இருக்கு அத்தை. எதையும் எங்கேயும் வைக்கல. நாங்க நல்லாத்தான் இருக்கோம். அழகா இருக்கட்டும்னு நான்தான் இப்படிப் பண்ணேன். நீங்க வர்றீங்கன்னு."

"அழகா?" என்றார் மாமியார்.

ஒரு தட்டை எடுத்து, முந்தானையால் துடைத்து, கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார். "நான் வாக்கப்பட்டு வந்தப்ப இதே செவுருதாம்மே. மழை பேஞ்சா கரைஞ்சி சோத்துப் பானையில வுழும். புகையில உம் புருஷனுக்கு ரெண்டு கண்ணும் பீளை கட்டிக்கினு தொறக்காது. இவன் பெரியவனாயி ஒரு வெள்ளச் செவுத்துல சோறு துன்னணும்னு அதப் பாத்துக்கினே அழுவேன். அத நீ அழகுன்ற."

நான் உருண்டு போன டம்ளர்களைப் பொறுக்கி அடுக்கினேன். அதற்குள் என் கணவர் ஓட்டலுக்குப் போய் இட்லியோடு வந்துவிட்டார். மாமியார் கையால் ஊட்டிய இட்லியைச் செல்வி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டிருந்தாள். அதுவும் எனக்குச் சங்கடமாக இருந்தது.

மத்தியான பஸ் போய்விட்டது. மாமியார் போகவில்லை. "புள்ளய நான் தூக்கிக்கினு போவல. உன்ன இங்க தனியா வுட்டுட்டுப் போறதுக்குத்தான் எனக்கு பயமா இருக்குது" என்றார். மகனைச் சுண்ணாம்பு வாங்கிவர அனுப்பினார். மாமனாருக்கு ஊரில் அவர் தம்பி வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடாயிற்று. நான் ஜூனில் வேலைக்குப் போனேன். மாமியார் இரண்டு வருஷத்துக்கு மேலாக எங்களோடு இருக்கிறார். செல்வி தேறிவிட்டாள். சுவர் தேறவில்லை. எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் மழைக்காலத்தில் செம்மண் கசிந்து ரோஸ் நிறமாகிவிடும்.

வருகிற உறவுக்காரர்களை எல்லாம் மாமியார் அந்தச் சுவரிடம் அழைத்துப்போகிறார். "எம் மருமவ படிச்சவ. மாமியாருக்கு ஊர் ஞாபகம் வரணும்னு புழுதியக் கொண்ணாந்து பூசி, மொளகா பொகயும் போட்டா." அவர்களும் தண்ணீர் குடிப்பதற்கு முன் உத்தரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள். கல்யாண வீடுகளில் என்னைச் சமையல்கட்டுப் பக்கம் விடுவதில்லை. நானும் சிரிக்கிறேன்.

ஆனால் இதை நான் எழுத உட்கார்ந்தது அந்தச் சிரிப்புக்காக இல்லை. மாமனாருக்கு உடம்பு முன்போல் இல்லை. இந்தத் தை மாதம் மாமியார் ஊரோடு போய்விடுகிறார். செல்வி தன் சட்டைகளை ஒரு பையில் திணித்து வைத்துக்கொண்டு, "நானும் ஆயாகூட ஊருக்குப் போறேன்" என்கிறாள். அவளுக்குப் பாட்டிதான் ஆயா. ஆயா மடியில்தான் தூக்கம் வரும். ஆயா பிசைந்தால்தான் சோறு இறங்கும். மாமியார் இந்த முறை தூக்கிக்கொண்டு போகிறேன் என்று சொல்லவில்லை. "உம் புள்ள. நீ வுட்டா கூட்டிக்கினு போறேன். வேணான்னா வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மல்லாட்டை உரிக்கிறார். என் கணவரைக் கேட்டேன். "அனுப்பலாம். அனுப்பாமலும் இருக்கலாம்" என்றார்.

அனுப்பினால் குழந்தை என்னை மறந்துவிடுமோ? அனுப்பாவிட்டால் ஏங்கி மறுபடியும் இளைத்துவிடுமோ? இதைப் படிக்கிற தாய்மார்களில் யாராவது இப்படி ஒரு நிலையில் இருந்திருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள், பிறகு அது சரியாக இருந்ததா என்று தயவுசெய்து எழுதுங்கள். தை பிறப்பதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.