பிரூட் வீட்டுச் சதுப்பு நிலம்

தெற்குக் கரோலைனாவில் எங்கள் ஊர் வீடுகளுக்குத் தரைப் பலகையின் கீழே ஒரு ஆள் தவழ்ந்து போகுமளவு இடம் விட்டிருப்பார்கள். அங்கே ஈரம் சேர்ந்தால் பலகை உளுத்துவிடும். இது நகராட்சியைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

நகராட்சி தெருவை உயர்த்திப் போட்டது. மழைத்தண்ணீர் முழுக்க வெண்டெல் பிரூட்டின் வீட்டடியில் போய்த் தங்கியது. ஒருநாள் அவர் மனைவி லொரெட்டா சோளரொட்டித் தட்டோடு திரும்பியவள், முழங்கால் வரை சமையலறைத் தரைக்குள் இறங்கிவிட்டாள்.

வெண்டெல் பம்பு வைத்துத் தண்ணீரை இறைக்கும்போது நகராட்சியின் ஈரப்பத மேற்பார்வை அதிகாரி டாட்லாக் வந்து சேர்ந்தார். குனிந்து உற்றுக் கேட்டார்.

"உள்ளே தவளை கத்துதே?"

"ஆமா சார். ராத்திரி தூங்க முடியல."

"அப்ப இது சதுப்பு நிலம். பம்பை நிறுத்துங்க."

"இது என் வீடு சார்!"

"வீடுதான். பாதுகாக்கப்பட்ட சதுப்பு நிலத்துல ஆக்கிரமிச்சுக் கட்டின வீடு. இருந்துட்டுப் போங்க, பெருந்தன்மையா விடுறோம். தவளைக்குத் தொந்தரவு குடுக்காம நடங்க."

"பலகை உளுத்துப் போகுதே!" என்றாள் லொரெட்டா.

"இயற்கைம்மா" என்றார் அதிகாரி, உருக்கமாக.

வாசலில் 'இயற்கையின் இல்லம்' என்று பச்சைப் பலகை நட்டார்கள். சிரித்த அக்கம்பக்கத்தார், வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடிப்பதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்கள். எதிர்வீட்டு மேவிஸ், தோட்டக் குழாயைத் தன் வீட்டடியில் செருகித் திறந்துவிட்டாள். மறுவாரம் தெருவே அப்படிச் செய்தது.

"உங்க வீட்ல எத்தனை தவளை?"

"எங்களுக்கு ஆமையே வந்தாச்சு!"

லொரெட்டா மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள். "நாங்க தப்பிக்க வழி தெரியாம முழிக்கிறோம். நீங்க வலிய வந்து மாட்டிக்கிறீங்களேடி!"

மேவிஸுக்குப் பச்சைப் பலகை வழங்கும் விழா அவள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. ஊரே திரண்டது. டாட்லாக் பேசி முடித்ததும் எல்லோரும் எழுந்து பலமாகக் கைதட்டினார்கள். மடாரென்று தரை இறங்கியது. யாருக்கும் அடியில்லை, ஆனால் அதிகாரி உட்பட எல்லோரும் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள்.

"அசையாதீங்க!" என்று கத்தினார் டாட்லாக். "இது பாதுகாக்கப்பட்ட இடம். அனுமதி இல்லாம யாரும் நடமாடக் கூடாது."

"அனுமதி யார் தரணும்?"

"நான்தான்."

"அப்ப குடுத்துத் தொலைங்க!"

"அதெப்படி? ஆபீசுக்கு வந்து கேட்டாத்தான் தர முடியும்."

எல்லோரும் அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டு, அப்படியே நின்றார்கள்.