தூத்ஸோர் சிவந்த வாரம்

"குத்திடுவேன்னு சொல்லியிருக்கான். எழுதிக்குங்க கேப்டன்" என்றார் சவரக்கடை துர்சுனாலி.

கேப்டன் எல்முரோத் பேனாவின் மூடியைக் கூடக் கழற்றவில்லை.

"யாருண்ணே சொன்னது?"

"யூல்தாஷ். ரொட்டிக்காரன்."

"உங்க பக்கத்து வீட்டு யூல்தாஷா? நேத்து சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே முலாம்பழத்தை வெட்டித் தின்னுக்கிட்டு இருந்தீங்களே."

"அந்தக் கத்தியாலதான் குத்துவானாம். போன வாரம் நானே சாணை பிடிச்சுக் கொடுத்தேன். அதான் பயமா இருக்கு. நல்லா வெட்டும்."

எல்முரோத்துக்குக் கவலை பிடித்தது. கத்தியை நினைத்து அல்ல, வரைபடத்தை நினைத்து.

நகரத்தில் கத்திக்குத்தும் அடிதடியும் குறைய வேண்டும் என்று தலைமை அலுவலகத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு வரைபடம் மாட்டியிருந்தார்கள். புகாரே இல்லாத மஹல்லாவுக்கு, அதாவது பேட்டைக்கு, பச்சை. ஒன்றிரண்டு வந்தால் மஞ்சள். மூன்று மாதத்துக்குள் மூன்று புகார் வந்தால் சிவப்பு. தூத்ஸோர் மஹல்லா நான்கு வருடங்களாகப் பச்சை. இந்த மூன்று மாதக் கணக்கு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்றைக்குக் கர்னல் சாலியேவ் நேரில் வருகிறார். போன வருடம் பக்கத்து மஹல்லா சிவப்பானபோது அங்கிருந்த கேப்டனைப் பாலைவனத்து எல்லைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கைது செய்ய ஒட்டகம்தான் உண்டு.

ஒட்டகத்தோடு எல்முரோத் காலம் தள்ளிவிடுவான். ஆனால் அவன் மனைவி நசீபா தூத்ஸோர் மையவாடியில் மண்ணுக்குள் இருந்தாள். இரண்டு வருடமாகிறது. தலைமாட்டில் அவன் ஒரு ஆப்ரிகாட் கன்று நட்டிருந்தான். வியாழக்கிழமை தோறும் இரண்டு வாளி தண்ணீர் சுமந்துபோய் ஊற்றுவான்.

அவள் போனபிறகு அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததில்லை. திங்கட்கிழமை துர்சுனாலி வீட்டிலிருந்து சூப் வரும். செவ்வாய் யூல்தாஷ் வீடு. புதன் ஹுர்சந்தாய் அக்கா. யாரும் பட்டியல் போடவில்லை. ஆனாலும் ஒரு நாள்கூடப் பானை தவறியதில்லை, ஒரே நாளில் இரண்டு பானை வந்ததும் இல்லை.

"புகாரெல்லாம் வேணாம்ணே. வாங்க, நேர்ல பேசித் தீர்த்துடலாம்."

"எழுதிட்டுப் போலாமே" என்றார் துர்சுனாலி. முகத்தில் ஏமாற்றம்.

யூல்தாஷ் தந்தூர் அடுப்புக்குள் பாதி உடம்பை விட்டு ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். துர்சுனாலியும் குனிந்தார்.

"சுகமா? வீட்ல எல்லாரும் நலமா?"

"நலம். உங்க முழங்கால் வலி தேவலையா? பேரன் இருமல் நின்னுச்சா?"

"நின்னுடுச்சு. மருமக ஊர்லேர்ந்து வந்துட்டாளா? மாடு கன்னு போட்டுச்சாமே?"

இரண்டு நிமிடம் ஆயிற்று. எல்முரோத் பொறுத்திருந்தான். மஹல்லாவில் யாரும் அதைக் குறுக்கே வெட்ட மாட்டார்கள்.

"இவரைக் குத்துவேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றார் யூல்தாஷ் சாந்தமாக. "வெள்ளிக்கிழமைக்குள்ள குத்திடுவேன், இன்ஷா அல்லாஹ்."

"என்ன தகராறு?"

"அவன் மல்பெரி மரம் என் சுவர் மேல சாயுது" என்று யூல்தாஷ் சொன்ன அதே நேரத்தில், "அவன் புறா என் கூரையை நாசம் பண்ணுது" என்றார் துர்சுனாலி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"புறா அந்த மரத்துலதான் உக்காரும்" என்று யூல்தாஷ் சேர்த்துக்கொண்டார்.

எல்முரோத் பயந்துபோனான். ஒரு காரணம் இருந்தால் சண்டை. இரண்டு இருந்தால் பகை. யூல்தாஷின் கத்தியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். சூடான ரொட்டி ஒன்றைப் பிய்த்து ஆளுக்குப் பாதி தின்னவைத்தான். கட்டிப்பிடிக்கச் சொன்னான். தேவைக்கு மேலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

தீர்ந்தது என்றுதான் நினைத்தான்.

புதன்கிழமை காலை அவன் அலுவலக வாசலில் பதினோரு பேர் கத்தியோடு வரிசையாக நின்றார்கள். முன்னால் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார் மிர்ஹமீத்.

"யூல்தாஷ் கத்தியை மட்டும் பறிமுதல் பண்ணியிருக்கீங்க. எங்களை என்னன்னு நினைச்சீங்க? எனக்கும் ஒருத்தரைக் குத்தணும்."

"யாரை வாத்தியாரே?"

"இன்னும் முடிவு பண்ணலை."

பதினோரு கத்தியையும் வாங்கி அலமாரியில் பூட்டினான். பதினொன்று சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டாகியது. நடுவில் மஹல்லா தலைவி ஹுர்சந்தாய் அக்கா வந்து மூன்று புகார்களை மேசையில் வைத்தாள்.

"மூணும் ஒரே கையெழுத்தா இருக்கேக்கா."

"அவங்க கையெழுத்து உங்களுக்குப் புரியாதேன்னு நானே எழுதிட்டேன். பதிவு நம்பர் போடுங்க தம்பி."

"அப்புறம் போடறேன்."

"இப்பவே போட்டா என்ன? கை வலிக்குதா?"

அவன் புகார்களை இழுப்பறைக்குள் தள்ளினான். அக்கா ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். துர்சுனாலிகூட அப்படித்தான் பார்த்தார் என்று பிறகு ஞாபகம் வந்தது.

அன்று பானை வரவில்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவை. ஏழு மணிக்கு துர்சுனாலியின் மனைவி ஆய்கிஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"அக்கா வீட்ல சமையல் இல்ல தம்பி. எங்க வீட்லயும் இல்ல. வெங்காயத்தைப் பல்லால கடிச்சா நறுக்கறது?"

ரொட்டியும் தேநீருமாக உட்கார்ந்து யோசித்தான். கத்திகளைத் திருப்பிக் கொடுத்தால் குத்திக்கொள்வார்கள். கொடுக்காவிட்டால் மஹல்லாவே பட்டினி. ஒரே வழிதான் தோன்றியது. வியாழக்கிழமை மத்தியானம் டீக்கடையில் எல்லோருக்கும் சேர்த்துப் புலாவ். ஒரே அண்டாவில் சாப்பிட்டவர்கள் மறுநாள் ஒருவர்மேல் ஒருவர் புகார் எழுத மாட்டார்கள். அரிசியும் ஆட்டுக்கறியும் அவன் செலவு.

புலாவ் என்றால் காரட்டை ஆண்கள் கூடி உட்கார்ந்து கையால்தான் அரிய வேண்டும். அவரவர் கத்தியோடு.

அதை அவன் வியாழக்கிழமை பதினோரு மணிக்குத்தான் யோசித்தான். முப்பத்தெட்டுக் கத்தியையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தான். எல்லோரும் பலகைகளைச் சுற்றி உட்கார்ந்து ஒழுங்காக அரிந்தார்கள். யூல்தாஷ் காரட்டை மட்டுமே வெட்டினார். எல்முரோத் மனம் லேசாகி, வாளிகளை எடுத்துக்கொண்டு மையவாடிக்குப் போனான். கன்று ஒரு புதுக்கிளை விட்டிருந்தது.

திரும்பி வந்தபோது டீக்கடை வாசலில் கர்னலின் கறுப்புக் கார் நின்றது. ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்.

உள்ளே முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்கள் கத்தியும் கையுமாக நின்றார்கள். நடுவில் துர்சுனாலி மல்லாந்து கிடந்தார். வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் பெரிய சிவப்பு. பக்கத்தில் யூல்தாஷ் கத்தியை ஓங்கியபடி, கை வலித்ததோ என்னவோ, முழங்கையை மறு கையால் தாங்கிக்கொண்டு நின்றார்.

"சார், அது செர்ரி ஜாம்" என்றான் எல்முரோத். கொட்டைகூடத் தெரிந்தது.

"ரத்தம்" என்றார் மிர்ஹமீத் வாத்தியார்.

கர்னல் சாலியேவ் குனிந்து துர்சுனாலியின் தோளைத் தொட்டார். "எப்படி இருக்கீங்க?"

அப்படி ஒருவர் கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது துர்சுனாலி வளர்ந்த வீட்டில் கிடையாது. கண்ணைத் திறக்காமலேயே நெஞ்சில் கை வைத்தார்.

"நல்லா இருக்கேன். நீங்க சுகமா? வீட்ல எல்லாரும் நலமா? குழந்தைங்க படிக்கிறாங்களா?"

"நலம்" என்றார் கர்னலும், அதே ஊர்க்காரர் என்பதால். பிறகு நிமிர்ந்து எல்முரோத்தைப் பார்த்தார்.

ஹுர்சந்தாய் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மூன்று காகிதங்களை நீட்டினாள். "புகாருங்க. நம்பர் போட மாட்டேங்கிறார். அதான் நகல் எடுத்து வச்சிருந்தேன்."

கர்னல் மூன்றையும் படித்தார். புலாவ் தயாரானது. விருந்தாளி சாப்பிடாமல் போகக்கூடாது என்று உட்காரவைத்தார்கள். அவர் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டார். கை கழுவியபின் சட்டைப் பையிலிருந்து முத்திரை போட்ட ஒரு காகிதத்தை எடுத்தார்.

"நாளைக்கு உன்கிட்ட குடுக்கறதுக்கு வச்சிருந்தேன்" என்று சொல்லி அதை நான்காகக் கிழித்துத் தட்டில் போட்டார். "மூணுக்கும் இன்னிக்கே நம்பர் போடு. தூத்ஸோர் சிவப்பு."

கார் போய்விட்டது.

பாராட்டுப் பத்திரமாக இருந்திருக்கும் என்று எல்முரோத் நினைத்தான். அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு வாளிகளையும் யாரிடம் ஒப்படைப்பது என்றுதான் யோசித்தான். ஆப்ரிகாட்டுக்கு வேர் பிடிக்க இன்னும் ஒரு கோடையாவது வேண்டும். ஒட்டகங்களின் ஊரிலிருந்து வாராவாரம் வர முடியாது.

சுற்றிலும் எல்லோரும் கலகலப்பாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். துர்சுனாலியும் யூல்தாஷும் ஒரே தட்டில். யாருக்கும் ஒரு வெட்கம் இல்லையே என்று முதன்முறையாக அவனுக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது.

ஆய்கிஸ் ஒரு தட்டு புலாவை அவன் முன்னால் வைத்தாள். மேலே கறி அதிகமாக இருந்தது. கிழிந்த காகிதத் துண்டுகளைப் பொறுக்கித் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

"சாப்பிடுங்க தம்பி. இது உங்க மாற்றல் உத்தரவு. பச்சையில வச்சிருக்கிற கேப்டனை எல்லாம் இந்த வெள்ளிக்கிழமை சிவப்பு மஹல்லாவுக்கு மாத்தறாங்கன்னு இதை டைப் பண்ணின என் தங்கச்சி மகதான் வந்து சொன்னா. நம்ம மஹல்லாவே சிவப்பாயிட்டா நீங்க எங்கயும் போக வேண்டாமாம். இனி மூணு மாசத்துக்கு ஒருதரம் யாராவது ஒருத்தர் விழுந்தாகணும். அடுத்த முறை யூல்தாஷ் வீடு, எங்க வீட்டுக்காரர் சட்டையில செர்ரிக் கறை போக மாட்டேங்குது."