வாய் திறக்காத விருந்தாளி

மைத்துனனை இன்றைக்குக் கிளப்பியே தீருவது என்று அகராதிக்காரர் சபதம் எடுத்துவிட்டார். நாலு நாள் தங்க வந்தவன் மாதக் கணக்கில் அவருடைய படிப்பறையில் குறட்டை விடுகிறான். அகராதி வேலையோ சமையலறை மேஜையில், வெங்காயத் தோலுக்கு நடுவே நடக்கிறது. மனைவியிடம் நேரே சொல்லும் துணிச்சல் மட்டும் அவர் அகராதியில் இல்லை.

யோசனை கொடுத்தது, காலையில் அவர் பொருள் எழுதி மனைவியிடம் விளக்கிய ஒரு சொல்.

“மம்மர்னு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை. பண்டிகை நாள்ல முகத்தை மூடிக்கிட்டு அடுத்தவங்க வீட்டுக்குள்ள நுழையிற கும்பல். வாயே திறக்க மாட்டாங்க. ஆள் யாருன்னு வீட்டுக்காரங்க சரியாச் சொன்னாத்தான் மூடியை எடுப்பாங்க.”

“சொல்ல முடியலன்னா?”

“அப்படியே உக்காந்திருப்பாங்க.”

“வார்த்தை எங்கேருந்து வந்துச்சாம்?”

“பழைய பிரெஞ்சு. ஊமைக்கூத்து ஆடுறதுக்குச் சொன்னது. வாயை மூடிக்கிட்டிருக்கிறதுன்னு வெச்சுக்கயேன்.”

“நீங்க தினமும் பண்றதுதானே?” துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி ஒரு தலையணை உறையைத் தூக்கிப் பார்த்தாள். “இதுல ரெண்டு ஓட்டை!”

“எலியா இருக்கும்.”

“ம்” என்றாள்.

சாயங்காலம் மழை கட்டி இருட்டியது. அச்சகத்துக்குப் போவதாகச் சொல்லி முன்வாசலில் இறங்கியவர், மைத்துனனைப் பயமுறுத்தி விரட்ட அந்த ஓட்டை உறையைத் தலையில் மாட்டிக்கொண்டு பின்வாசலில் நுழைந்தார். எந்த அறையிலும் விளக்கில்லை. படிப்பறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

அவருடைய நாற்காலியில் ஓர் உருவம். தலையில் உறை. அதிலும் இரண்டு ஓட்டை.

அவருக்கோ, ஊமையாக இருக்க வேண்டியவர் தான் என்பதே மறந்துபோயிற்று.

“மச்சான்... நீயா?”

உருவம் மெதுவாக, இல்லை என்று தலையாட்டியது. குளியலறையில் மைத்துனன் பாடிக்கொண்டிருந்தான்.

“அப்போ... நீயாடி?”

மறுபடியும் இல்லை.

“யாருகிட்டங்க பேசுறீங்க?” மனைவியின் குரல் சமையலறையிலிருந்து வந்தது.

வீட்டில் இருப்பதே மூன்று பேர்தான். அப்படியானால் இது யார்? ஓட்டைகளுக்குள் இரண்டு கண்கள் இமைக்காமல் அவரைப் பார்த்தன. உருவம் எழுந்து வந்து அவர் கன்னத்தை உறையோடு சேர்த்துத் தடவியது. விரல்கள் சில்லென்றிருந்தன.

“மச்சான்! ஓடி வாடா!”

“நான் நாளைக்கே ஊருக்குக் கிளம்பறேன் அத்தான். மூட்டை கட்டணும்.”

“போகாதடா! இந்த அறையே உனக்குத்தான்! என்னைத் தனியா விட்டுட்டு யாருமே இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது!”

“சத்தியமா?” என்று வாசற்படியில் மனைவி கேட்டாள்.

“சத்தியமா! சத்தியமா!”

அவள் விளக்கைப் போட்டாள். “மதியம் நீங்க தூங்கறப்போதான் வந்தாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டிருந்தேன்.”

உருவம் உறையைக் கழற்றியது. மாமியார்.

“மாப்பிள்ளை இவ்வளவு ஆசையாக் கூப்பிடுறப்போ, நானும் இங்கேயே இருந்துடறேன்.”