கீரைத் தட்டில் நெளிந்த பட்டாணி வம்சம்

பலேர்மோ பல்கலைக்கழகத்தில் அமர்ந்து செடிகொடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டி அரசாளும் என் மருமகள் அகதினாவுக்கு, சிசிலித் தீவின் ஒப்பற்ற உண்மை விளம்பியும் உன் தாய்மாமனுமாகிய ஜெசுவால்தோ ஆசி கூறி வரைவது. நான் நலம், எரிமலை நலம், உன் அத்தை என்னோடு பேசுவதில்லை, அதுவும் ஒருவகையில் நலமே.

விஷயம் இதுதான். என் மகள் நெடாவின் நிச்சய விருந்தை ஏப்ரல் முதல் தேதி வைத்துத் தொலைத்தோம். ஊரே ஒருவரையொருவர் முட்டாளாக்க, முதுகில் 'ஏப்ரல் மீன்' என்று காகித மீன் ஒட்டித் திரியும் நாளில், பெண்ணின் தகப்பன் வெறும் காகிதத்தோடு நின்றால் குலத்துக்கே இழுக்கல்லவா? ஆலிவ் தோப்போரம் தானாய் முளைத்த ஒரு செடியின் காய்களைப் பறித்துவந்து காட்டுக்கீரைத் தட்டில் தூவினேன். காயா அது? சுருண்டு, வரிவரியாய், முதுகெல்லாம் முள் சிலிர்த்து, கம்பளிப்பூச்சியைப் பெற்ற தாயே தன் பிள்ளையென்று கொஞ்சுவாள். சம்பந்தியம்மா ஃபிலிப்பா முள்கரண்டியில் ஒன்றைத் தூக்கிப் பார்த்துப் போட்ட சத்தத்தில் எத்னா மலை புகைவிடுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது. இது பட்டாணி வம்சத்துச் செடி என்று நான் பதறிச் சத்தியம் செய்ய, அதுதான் இந்த வருஷத்து ஏப்ரல் மீன் என்று எல்லோரும் கைகொட்டினார்கள். வாழ்நாளில் முதன்முறை உண்மை சொன்னேன், அதற்கு இந்தக் கதி! நிரூபிக்க வேண்டி ஒன்றை மென்று விழுங்கினேன். அதுதான் வினை.

"புழுவப் போட்டதக்கூட மன்னிச்சிருவேன் சம்பந்தி, அதத் தின்னீங்க பாருங்க. இந்த வீட்டுப் பொண்ணு எம்புள்ளைக்கு நாளைக்கு என்னத்தச் சமைச்சுப் போடும்?" என்று மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு போயேவிட்டார். மருந்துக்கடைக்காரர் புழு என்கிறார், பாதிரியார் காய் என்கிறார், ஊர் இரண்டுபட்டுக் கால்பந்து ஆட்டமே நின்றுபோச்சு. நெடாவோ, "நீங்க சொல்றது நெசம்தான்ப்பா. ஆனா சொல்றது நீங்களாச்சே," என்று அழுகிறாள்.

அடையாளம் குறித்துக்கொள்: ஒரே வருஷம் வாழும் செடி, தரையோடு படர்கிறது. பூ மஞ்சள், விரல்நகத்தில் பாதி, அச்சு அசல் பட்டாணிப்பூ. இலைதான் குழப்பம்: அந்த வம்சத்துச் சிற்றிலை வரிசை கிடையாது, நாக்கை நீட்டினாற்போல ஒற்றை இலை. இதன் பெயரை லத்தீனில், சம்பந்தியம்மா மயங்கி விழும் நீளத்துக்கு, முத்திரை குத்தி அனுப்பு. என் பெண்ணின் கல்யாணமே அதில் தொங்குகிறது.

உன் சப்பாத்திக்கள்ளிப் பழங்களில் முள் குறைந்து, எலுமிச்சைகளில் சாறு பெருகட்டும்.

அன்பு மாமன்,
ஜெசுவால்தோ

பி.கு.: உறையை ஒட்டுமுன் பாதிரியார் சம்பந்தியம்மாவைச் சமாதானம் பேசிக் கூட்டிவந்துவிட்டார். உனக்கு அனுப்ப நான்கு காய்களைத் தோப்பிலிருந்து இலைதழையோடு பறித்துவந்து அப்படியே மேசைமேல் வைத்திருந்தேன். அம்மாள் கண்ணை இறுக மூடி, சிலுவைக்குறி இட்டு, கைக்கு அகப்பட்டதை வாயில் போட்டு மென்றார். "செடியேதான் சம்பந்தி. பச்சப் பட்டாணி மாதிரி என்னமா இருக்கு," என்று என்னைக் கட்டிக்கொண்டார். ஜூனில் கல்யாணம். அவர் போன பிறகு மேசையைப் பார்த்தேன். காய்கள் நான்கும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. ஆகவே, கண்ணே, நீ எதையும் எழுதி அனுப்பாதே.