ஒரு ஆளுக்கு மட்டும் இழுக்கும் வண்டி

சின்னக்கானலில் யானையைச் சொல்லிப் பொய் சொல்லக் கூடாது. வேறு எதைச் சொல்லியும் சொல்லலாம். இது எங்கள் தேயிலை எஸ்டேட்டின் எழுதாத சட்டம். "எட்டாம் காட்டுல ஒத்தை யானை நிக்கான்" என்று காலையில் போன் குரூப்பில் ஒருவர் போட்டால் லயத்து வீடுகள் அத்தனையும் நம்பும். ஊரில் உள்ள அத்தனை குரலிலும் பேசுகிற நான்கூட, யானைக் காவல்காரர் குரலை மட்டும் தொட்டதில்லை.

அதனால்தான் என் அப்பா குருசாமிக்கு வேறு பொய் தேட வேண்டி வந்தது.

அம்மா சிவசங்கரிக்கு மலை உச்சி ரிசார்ட்டில் சமையல் வேலை கிடைத்திருந்தது. மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்து எடுத்தவளுக்கு, அடுப்புக்கு முன்னால் வேலை. ஒரே நிபந்தனை, விடியும்போது அங்கே நிற்க வேண்டும். முதல் ஜீப் எட்டு மணிக்குத்தான். நடந்தால் யானை. மிச்சம் இருப்பது அப்பாவின் பைக். அப்பா விடியுமுன் எழுந்து கொண்டுபோய் விட வேண்டும். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அந்த பைக் என்னைவிட மூத்தது. சிவப்பு. ரேஸ்காரன்போல் குனிந்து ஓட்டும் ரகம். அப்பா குனிவார், பாதியில் வயிறு டேங்க்கில் முட்டி நின்றுவிடும்.

அப்பாவுக்கு வாழ்க்கையில் இரண்டு லட்சியங்கள். ஒன்று, விடிந்த பிறகும் தூங்குவது. இரண்டு, மலைக்குக் கீழே போடி ரோட்டில் என் மாமா பாண்டித்துரையை முந்துவது. மாமா அம்மாவின் தம்பி. பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போனபோது எல்லார் முன்னாலும் சொன்னார்:

"மச்சான், மலையேறி மலையேறி உங்க வண்டி வரையாடாப் போச்சு. எங்கக்கா அந்தக் காலத்துல வண்டியில பால் கேன் கட்டிட்டுப் போவா. அவளே உங்கள முந்திருவா!"

எல்லாரும் சிரித்தோம். அம்மா மட்டும் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து பைக்கின் செயின் செட் தேய்ந்தது. புதுசு போட வேண்டும். பின்னால் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் பல் கூடினால் வண்டி மலையில் இழுக்கும், சமவெளியில் ஓடாது. பல் குறைந்தால் சமவெளியில் பறக்கும், மலையில் மூச்சு வாங்கும். பழசுக்கு நாற்பத்திரண்டு பல். அப்பா முப்பத்தாறு என்று தீர்மானித்தார். மாமாவையும் முந்தலாம், பின்னால் அம்மாவை ஏற்றி மலை ஏறவும் முடியாது. ஒரே சக்கரத்தில் இரண்டு லட்சியம்.

"அவ நம்ப மாட்டாளே" என்றார் என்னிடம். "ஏ இந்து, மெக்கானிக் ரத்தினசாமி மாதிரி பேசுவியா?"

பேசுவேனா! வாயில் வெற்றிலை இருப்பதுபோல் கன்னத்தை உப்பிக்கொண்டு தண்ணீர் டேங்க் பின்னால் போய் நின்றேன். அப்பா அடுக்களையில் அம்மா பக்கத்தில் நின்று, என் கையில் இருந்த போனுக்கு அடித்து ஸ்பீக்கரில் வைத்தார்.

"தங்கச்சி! ரத்தினசாமி பேசுதேன். இந்த வண்டிக்கு இப்ப முப்பத்தாறு பல்லுதான் தங்கச்சி வருது. கம்பெனியே அம்புட்டுத்தான் பண்ணுதான்."

"அப்படியாண்ணே. மலையில ரெண்டு பேர இழுக்குமா?"

"சத்தியமா இழுக்காது தங்கச்சி! கிளச்சு கருகிரும்."

"ஒரு ஆளுன்னா?"

எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. "ஒரு ஆளுன்னா பறக்கும் தங்கச்சி!"

"சரிண்ணே. அதையே போட்டுருங்க."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சக்கரவர்த்தி தளபதியைப் பார்ப்பது தெரிந்தது.

நிஜ ரத்தினசாமி முப்பத்தாறைப் போட்டுக் கொடுத்தார். சனிக்கிழமை வெள்ளோட்டம். அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அப்பா கிளம்பினார். முதல் வளைவில் வண்டி இருமியது. இரண்டாவது வளைவில் கருகல் வாசனை. மூன்றாவதுக்குப் போகவில்லை. அம்மா இறங்கி நடந்து வந்தாள். பின்னால் அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு, துக்கமாக முகத்தை வைக்கப் பாடுபட்டுக்கொண்டு வந்தார்.

"நான் என்னத்தச் செய்ய, சங்கரி? ஒரு ஆளுக்குத்தான் இழுக்குது."

"விடுங்க. அதுக்கு வாயா இருக்கு, வஞ்சகமா பேச?"

அப்பா அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

திங்கட்கிழமை விடியுமுன் பைக் உறுமும் சத்தம் கேட்டு அப்பாவும் நானும் வாசலுக்கு ஓடினோம். அம்மா சுடிதார் போட்டிருந்தாள். அதற்கு மேல் அப்பாவின் கறுப்பு ரேஸ் ஜாக்கெட். முழங்கால் வரை தொங்கியது. போனில் யானை குரூப்பைப் பார்த்து, வழியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் ஹெல்மெட்டை மாட்டினாள்.

"சங்கரி, என்ன இது?"

"ஒரு ஆளுக்கு இழுக்கும்னு சொன்னீங்கள்ல? போக வேண்டியது நான்தான?"

"உனக்கு லைசன்ஸு?"

"பால் ஊத்தும்போதே எடுத்தது. போன வருசம் புதுப்பிச்சேன். ஜீப்புல கூடவே வந்து, லைசன்ஸ் ஆபீஸுக்கு வெளிய சாயா குடிச்சிட்டு நின்னீங்களே, ஞாபகமில்லையா?"

"அப்ப நான் ஃபேக்டரி வேலைக்கு எப்படிப் போக?"

"எட்டு மணிக்கு ஜீப்பு இருக்கு. நிம்மதியாத் தூங்குங்க." கியரைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ரத்தினசாமியண்ணே, பாத்திரம் கிடக்கு. கழுவி வச்சிட்டு ஸ்கூலுக்குப் போங்க."

அப்பாவின் எடையில் பாதிதான் அம்மா. வண்டி மூன்று வளைவையும் மூச்சு வாங்காமல் ஏறியது. சத்தம் உச்சிக்குப் போய் நிற்கும்வரை அப்பா அசையவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போடியில் ஒரு காதுகுத்து. வண்டியில் தானும் வருவதாக அப்பா சொல்லிப் பார்த்தார்.

"போடிக்கு இறங்கிறலாம். திரும்பி மலை ஏறணுமே? ரெண்டு பேருன்னா கிளச்சு கருகிரும்ங்க" என்றாள் அம்மா, வெற்றிலை போட்டதுபோல் கன்னத்தை உப்பிக்கொண்டு. எனக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

போடி ரோட்டின் நீண்ட நேர்கோட்டில் ஒரு சிவப்பு பைக் பாண்டித்துரை மாமாவை முந்திப் பறந்தது. அந்தக் கண்கொள்ளாக் காட்சியை அப்பா கண்ணாரக் கண்டார், பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில் இருந்து.