சாலமன் திருந்திய வரலாறு

குற்றவாளிகளைச் சிறையில் அடைத்துச் சோறு போடுவதைவிட வெளியில் விட்டு வேலை வாங்குவதே நாட்டுக்கு நல்லது என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். சோற்றை அவனவன் வீட்டிலேயே தின்றுகொள்வான் என்பதால் இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. சிறு குற்றத்துக்குச் சமூக சேவையே தண்டனை என்று புதுச் சட்டம் வந்தது. ஊருக்கு உழைப்பது புண்ணியம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு, அது தண்டனையும்கூட என்று அப்போதுதான் தெரிந்தது.

தாம்பரம் வட்டாரத்தில் இப்படித் திருத்தப்பட்டவர்களில் ஒருவர் இரும்புலியூர் சாலமன். வயது நாற்பத்திரண்டு, குழாய் ரிப்பேர் தொழில். மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு, ஜி.எஸ்.டி. சாலையில் எரியாமல் நின்ற சிக்னல் கம்பத்தை அரை மணி நேரம் நடுரோட்டில் நின்று கண்டித்தார். "கரண்டு வாங்கிக்கினு வேலை செய்யாம நிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்பது அவர் கேள்வி. கம்பம் பதில் சொல்லவில்லை. போலீஸ் வந்தது. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டதால், புன்னகை நகர் பூங்காவைப் பதினைந்து நாள், தினம் நான்கு மணி நேரம் சுத்தம் செய்யவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

சாலமனுக்கு ஒரு அவசரம் இருந்தது. ஊரப்பாக்கத்தில் எண்ணூறு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் நிரந்தர பிளம்பர் வேலைக்கு அவரைப் பார்த்து வைத்திருந்தார்கள். மாதச் சம்பளம், பி.எஃப்., பொங்கலுக்குத் துணி. ஒன்றாம் தேதி காலையில் தண்டனை முடிந்த சான்றிதழோடு வரவேண்டும், வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். இருபது வருஷம் அன்றாடங்காய்ச்சியாகக் காலம் தள்ளிய குடும்பத்துக்கு இது லேசுப்பட்ட விஷயமில்லை. அவர் மனைவி செல்வமேரி, வேலை கிடைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டாள். நடக்கப்போவது அவரும் சேர்ந்துதான் என்பதைப் பிறகு சொன்னாள்.

சாலமனைத் திருத்தும் பொறுப்பு திரு. ராஜாராமனிடம் ஒப்படைக்கப்பட்டது. சமூக சேவைத் தண்டனைக் கண்காணிப்பு மற்றும் மறுவாழ்வு ஒருங்கிணைப்பு அலுவலர் (கூடுதல் பொறுப்பு) என்பது அவர் பதவி. பெயர்ப்பலகை சுவரைவிட நீளமாகிவிட்டதால், 'கூடுதல் பொறுப்பு' மட்டும் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்தது.

"போன் இருக்காப்பா?" என்றார் ராஜாராமன்.

"கீது சார்."

"அதுல 'மாற்றம்'னு ஒரு ஆப் ஏத்திக்கோ. வேலைக்கு முன்னாடி ஒரு படம், வேலை முடிஞ்சு ஒரு படம். ரெண்டுக்கும் அறுபது சதவீதம் வித்தியாசம் இருந்தா அன்னைக்கு நீ திருந்தினதா அர்த்தம்."

"நீங்க வந்து பாக்க மாட்டீங்களா சார்?"

"நான் பார்த்தா அது என் அபிப்பிராயம். ஆப் பார்த்தா அது ஆதாரம்."

ஆரஞ்சு நிற மேலங்கி ஒன்றும் கொடுத்தார்கள். 'நான் மாறுகிறேன்' என்று முதுகில் அச்சடித்திருந்தது.

சாலமனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடியைச் சொல்லவில்லை, அது எப்போதாவதுதான். எடுத்த வேலையை மிச்சம் வைக்காமல் முடித்துவிடுவார். முதல் நாள் பூங்காவுக்குள் இறங்கியவர் நான்கு மணி நேரத்தை மறந்து பொழுது சாயும்வரை உழைத்தார். எட்டு வருஷத்துக் குப்பை, மூன்று தேர்தல்களின் பதாகைகள், கால் போன நாற்காலிகள், எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றி மெயின்ரோட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோனார். அடியில் ஒரு நீரூற்றுத் தொட்டிகூட அகப்பட்டது. அது அங்கே இருப்பது ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆப் தொண்ணூற்றேழு சதவீதம் என்று பூ தூவியது.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பூங்கா பளிச்சென்று இருந்தது. விழுந்திருந்த நாலு இலையைப் பொறுக்கிவிட்டுப் படம் அனுப்பினார். 'மாற்றம் காணப்படவில்லை. நீங்கள் இன்று திருந்தவில்லை' என்று வந்தது. பதறியடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

ராஜாராமன் தலையில் கை வைத்துக்கொண்டார். "யாருப்பா உன்னை மொத்தத்தையும் அள்ளச் சொன்னது? பதினஞ்சு நாள் குப்பையை ஒரே நாள்ல அள்ளிட்டா, மீதி பதினாலு நாளும் எதை வச்சுத் திருந்துவே?"

"வேற பார்க் குடுங்க சார்."

"தீர்ப்புல இந்தப் பார்க்தான் இருக்கு. மாத்தணும்னா மனு போடணும். வாய்தா ரெண்டு மாசம் கழிச்சு விழும்."

"ஒண்ணாந்தேதி வேலைக்குப் போவணும் சார். நான் இன்னாதான் பண்றது?"

ராஜாராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குப்பை போடுன்னு ஒரு அரசு ஊழியர் சொல்லமுடியாது. குப்பை இல்லைன்னா உன்னைத் திருத்தமுடியாதுங்கிறதை மட்டும் உன் கவனத்துக்குக் கொண்டுவரேன்."

சாலமன் வீட்டுக்குப் போய்ச் சமையலறைக் குப்பைக்கூடையைத் தூக்கினார். "அவனவன் பொண்டாட்டிக்கு எதுனா வாங்கியாறான். நீ இன்னாடான்னா வூட்டுக் குப்பையத் தூக்கினு போற," என்றாள் செல்வமேரி. மூன்று பேர் சாப்பிட்ட வீட்டுக் குப்பை பூங்காவின் ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை. கொட்டி அள்ளியதற்கு ஆப் பதினொரு சதவீதம்தான் கொடுத்தது. இரண்டாம் தடவை கொட்டிக்கொண்டிருக்கும்போது சாமுண்டீஸ்வரி அம்மாள் பார்த்துவிட்டார்.

சாமுண்டீஸ்வரி, புன்னகை நகர் குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர். கைக்கடிகாரம் பத்தாயிரம் அடி நடந்தாயிற்று என்று சொல்லும்வரை வீட்டுக்குள் போகமாட்டார். தெருவில் எல்லாரையும் 'ஜீரோ வேஸ்ட்' உறுதிமொழி எடுக்கவைத்தவரும் அவர்தான்.

"என்ன சாலமன் இது? குப்பை அள்றவனே குப்பை கொட்டலாமா?"

சாலமன் விஷயத்தைச் சொன்னார். கேட்கக் கேட்க அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. குப்பை வண்டி வந்து நாலு நாள் ஆகியிருந்தது என்பதும் உண்மை.

"ஒரு மனுஷன் திருந்தறதுக்கு நம்மால இதுகூடச் செய்ய முடியலைன்னா நாம எதுக்கு எஜுகேட்டடா இருக்கோம்?" என்று அங்கேயே நின்று வாட்ஸ்ஆப் குழுவில் எழுதினார். 'மறுவாழ்வுக்கு ஒரு பை' என்று இயக்கத்துக்குப் பெயரும் வைத்தார்.

ஐந்து மணிக்குள் நாற்பது பைகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொருவரும் பையைப் போடுமுன் பூங்கா வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் பிழைத்தது. அதன்பிறகு தர்மம் பெருகியது. ஒருவர் பழைய மெத்தை கொடுத்தார். ஒருவர் குளியலறையை இடித்த செங்கல்லைத் தகப்பனார் நினைவாகக் கொட்டினார். பக்கத்துத் தெருக்காரர்கள், எங்களுக்கும் மனசு இருக்கிறது என்று ஆட்டோவில் ஏற்றி வந்தார்கள். புன்னகை நகரில்தான் குப்பைக்கு ஏற்பாடு இருக்கிறதே என்று குப்பை வண்டி வருவதையே நிறுத்திவிட்டது.

நான்கு மணி நேர வேலை பத்து மணி நேரமாயிற்று. சாலமனின் முதுகு விட்டுப்போயிற்று. ஆனாலும் மாலைக்குள் தரையைக் கண்ணில் காட்டிவிடுவார். இவ்வளவு மாற்றம் மாவட்டத்தில் வேறெங்கும் நிகழாததால் ராஜாராமனின் அலுவலகத்துக்குக் கேடயம் அறிவித்தார்கள். அதை வாங்க அவர் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார்.

பதின்மூன்றாம் நாள் ராஜாராமன் ஒரு படிவத்தை நீட்டினார். தண்டனை பெற்றவர் திருந்திவிட்டார் என்று, சேவையால் பயனடைந்தவர்கள் கையெழுத்துப் போடவேண்டும். அது இல்லாமல் சான்றிதழ் கிடையாது. சாலமன் சந்தோஷமாகவே சாமுண்டீஸ்வரி வீட்டுக்குப் போனார். இத்தனை உழைத்தவனுக்கு ஒரு கையெழுத்தா பெரிசு என்று நினைத்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா நீ போயிடுவியே சாலமன்," என்றார் அந்த அம்மாள்.

"போவணும் மேடம். ஒண்ணாந்தேதி வேலைல சேரணும்."

"உன்னை மாதிரி வேலை செய்யறவன் எங்க கிடைப்பான், சொல்லு. அதான் கமிட்டில ஏகமனதாத் தீர்மானம் போட்டுட்டோம். நீ திருந்த இன்னும் மூணு மாசம் சான்ஸ் கொடுக்கணும்னு."

"நான் எதுனா தப்பா செஞ்சனா மேடம்?"

"சேச்சே. நீ தங்கமான பையன். அதனாலதான்."

அலுவலகத்தில் முறையிட்டால், "நீட்டிப்புக்கு நானும் பரிந்துரை எழுதிட்டேன்ப்பா. கேடயம் வர நேரத்துல உன்னை விட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் ராஜாராமன்.

அன்று சாயங்காலம் சாலமன் வீட்டில் சோற்றைத் தொடவில்லை. ஒழுங்காக உழைத்ததுதான் தான் செய்த குற்றம் என்று அவருக்குப் புரிந்தபோது, ஒரு வளர்ந்த மனிதருக்கு அழுகை வந்தால் எப்படி அடக்குவாரோ அப்படி அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்வமேரி விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"யோவ், அந்த ஆபீஸ்ல மத்தவங்கல்லாம் இன்னா பண்ணுவாங்க?"

"இன்னா பண்ணுவாங்க. குந்திகினு இருப்பாங்க."

"அவங்கள யாருனா மூணு மாசம் திருத்தணும்னு சொல்றாங்களா?"

"இல்ல."

"அப்ப நீயும் குந்து."

பதினாலாம் நாள் சாலமன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு போனார். பாதாம் மரத்து நிழலில் அதைப் போட்டு, ஆரஞ்சு மேலங்கியை அதன் முதுகில் மாட்டி, சட்டைப்பையில் இரண்டு பேனாவைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் ஆள் பையோடு வந்தார்.

"ஆதார் ஜெராக்ஸ் கீதா?"

"குப்பைக்கா?"

"யார் வூட்டுக் குப்பைன்னு தெரிய வேணாமா? ரெண்டு காப்பி. அப்புறம் இன்னைக்கு வாங்கறதில்ல. செவ்வாய், வியாழன்தான்."

அவர் மறுபேச்சில்லாமல் பையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார். பதினோரு மணிக்குள் வாசலில் வரிசை நின்றது. தகவல் கேட்டு சாமுண்டீஸ்வரி வேகமாக வந்தார்.

"சாலமன், என்ன உட்கார்ந்திருக்கே?"

சாலமன் நிமிர்ந்து பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்து, கையால் 'இருங்க' என்று காட்டினார். போனில் எதிர்முனையில் யாரும் இல்லை. பத்து நிமிஷம் ஆயிற்று. அந்த அம்மாள் முதலில் இடுப்பில் கை வைத்து நின்றார், பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பிறகு மரத்தடியை விட்டுச் சற்றுத் தள்ளி நின்றார். ஒருவழியாகப் போனைக் கீழே வைத்த சாலமன், "டீ டைம்," என்று எழுந்தார்.

"எப்ப வரட்டும் சார்?" என்றார் சாமுண்டீஸ்வரி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

மாலையில், வாசலில் போட்டுவிட்டுப் போன குப்பைமேட்டை ஒரு படமும், பூங்காவுக்கு மேலே இருந்த வானத்தை ஒரு படமும் எடுத்து சாலமன் அனுப்பினார். ஆப் நூறு சதவீதம் கொடுத்தது. பதினைந்தாம் நாளும் அதே வானம்தான், மேகம் மட்டும் வேறு.

சங்கத்தின் அவசரக் கூட்டம் அன்றே கூடியது. 'திரு. சாலமன் அவர்கள் முழுமையாகத் திருந்திவிட்டார் என்றும், இனி ஒரு நாளும் எங்கள் பகுதியில் அவரை வைத்திருக்க வேண்டாம் என்றும் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று எழுதி, கேட்காத இடத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

ராஜாராமன் அதை இரண்டு தடவை படித்தார். எழுந்து, தன் எதிரில் இருந்த நாற்காலியைத் துடைத்து, "உட்காருங்க," என்றார். இத்தனை நாளில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "ரெண்டே நாள்ல இந்தப் பக்குவம் வர்றது பெரிய விஷயம். எனக்கு ஆறு வருஷம் ஆச்சு," என்றபடி சான்றிதழில் முத்திரை குத்தினார்.

ஒன்றாம் தேதி காலையில் ஊரப்பாக்கத்தில் சாலமன் வேலையில் சேர்ந்தார். காக்கிச் சட்டை, ஒரு மேஜை, பெயர் எழுதிய அட்டை எல்லாம் கொடுத்தார்கள். பூங்காவில் நடந்ததை நினைத்தால் அவருக்கு நாக்கில் கசந்தது. பிழைப்புக்காக ஆடிய கூத்து, அது அங்கேயே முடிந்துபோகட்டும், இங்கே பழைய சாலமனாகவே இருப்பது என்று முடிவு செய்திருந்தார். ஒன்பதரை மணிக்கு பி பிளாக் மூன்றாம் மாடியிலிருந்து அனிருத் என்ற இளைஞன் ஓடிவந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன்.

"அண்ணா, கிச்சன் டேப் உடைஞ்சு தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கு."

"தோ வந்துட்டேன் தம்பி," என்று சாலமன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அனிருத் நகரவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தான். "இப்பவேவா?"

"ஆமா தம்பி. தண்ணி வேஸ்டாவுதுல்ல."

"இல்ல, கேட்ட உடனே வரீங்களே. நீங்க ஹெல்ப்பரா? மெயின் பிளம்பர் யாரும் இல்லையா?"

"நான்தான் தம்பி பிளம்பர்."

"அப்படியா," என்றான் அனிருத். குரலில் நம்பிக்கை இல்லை. "பரவாயில்லண்ணா, நான் வெளியில யாரையாவது பார்த்துக்கறேன். ரேட்டிங் எல்லாம் பார்த்துத்தான் கூப்பிடணும்."

இருபது வருஷமாக, கூப்பிட்ட குரலுக்கு ஓடியவர் சாலமன். அந்த இருபது வருஷத்தில் தன்னை ஒருத்தரும் சார் என்று கூப்பிடாததற்குக் காரணம் இப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவருக்கு வருத்தமாக இருந்தது. ஸ்பேனரை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"கம்ப்ளெய்ன்ட் நம்பர் போட்டீங்களா?"

அனிருத்தின் முகம் தெளிந்தது. "சாரி சார், தெரியாது. எங்க சார் போடணும்?"

"ஆபீஸ்ல. பத்தரைக்கு மேல ஆள் வரும். போட்டுட்டு நாளைக்கு வாங்க."

"தேங்க்யூ சார்," என்று அனிருத் நிம்மதியாக மாடியேறிப் போனான். தண்ணீர் அதற்குள் இரண்டாம் மாடிப் படி வரைக்கும் வந்திருந்தது. அவன் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அதில் கவனமாக நடந்தான்.