குளக்கரைப் பூக்கள் இடம் மாறிய விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் மகளும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த மாதம் ஓய்வுபெற்று நிரந்தரமாக உங்கள் வீட்டுக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா? எனக்காக நீங்கள் பால்கனியில் ஆறு பூந்தொட்டி வாங்கி வைத்திருப்பதாக மகள் சொன்னாள். மன்னிக்க வேண்டும், வருவதற்கு இன்னும் இரண்டு வருஷம் ஆகும்.

போன வருஷம் இந்த மாளிகையின் பரணில் பழைய கண்ணாடித் தகடுகள் கிடைத்தன. நூறு வருஷத்துக்கு முன்பே வண்ணத்தில் எடுத்த தோட்டத்துப் படங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பூவெல்லாம் இன்று காலை பூத்தது போல இருக்கும். மாளிகையை நிர்வகிக்கும் அறக்கட்டளைச் செயலாளர் அசந்துபோய், “தோட்டக்காரரே, படத்துல எப்படி இருக்கோ அப்படியே மாத்திடுங்க” என்று உத்தரவு போட்டுவிட்டார். குளத்தருகே ரத்தச் சிவப்பாக ஏதோ தெரிந்தது. அந்தச் சிவப்புப் பூவைத் தேடி ஊர் ஊராக அலைந்து முந்நூறு செடி நட்டபிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், அது யாரோ ஓர் அம்மாளின் குடை! அதோடு விட்டதா? வலது கரை மஞ்சளை இடது கரைக்கும், இடது கரை ஊதாவை வலது கரைக்கும் மாற்றி, புல்தரையைப் பெயர்த்து, என் முதுகும் பெயர்ந்து, ஒருவழியாகப் போன வாரம் திறப்பு விழா. வந்திருந்த புகைப்படக்காரர் ஒருவர் தகட்டை வாங்கி ஒரு புரட்டுப் புரட்டினார். “ஐயா, இத பின்பக்கமா பாத்திருக்கீங்களே!” என்றார். அதாவது, செடிகள் முன்பு இருந்த இடமே சரி. செயலாளர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் ரெண்டு வருஷம் இருந்து சரிபண்ணிக் குடுத்துட்டுப் போங்க” என்று கெஞ்சினார். இந்த வயதில் எனக்கு இது தேவையா? எல்லாம் தலையெழுத்து.

வருத்தப்படாதீர்கள். தொட்டிகளில் கீரையாவது விதைத்து வையுங்கள். மகளுக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசிகள்.

அன்புடன்,
மாமா

பின்குறிப்பு: உங்களிடம் மறைப்பானேன்? செயலாளர் தகட்டைத் திருப்பிப் பிடித்திருக்கிறார் என்று எனக்கு முதல் நாளே தெரியும். வலது கரையில் நிற்கும் பெரிய மரம் படத்தில் இடது கரையில் நின்றது. செயலாளர் படத்தைப் பார்த்தாரே தவிர, வெளியே எட்டிப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இந்தத் தோட்டத்தை விட்டு வர எனக்கு மனசில்லை மாப்பிள்ளை. அத்தையிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், அங்கே வரத் துடித்துக்கொண்டிருக்கிறாள்... இதை நான் எழுதும்போதே அவள் பின்னால் நின்று படித்துவிட்டாள். “எனக்கும் அன்னிக்கே தெரியும். நாப்பது வருஷமா அந்த மரத்தடிக்குத்தானே உங்களுக்குச் சாப்பாடு கொண்டாறேன்? நான் மட்டும் வாயைத் திறந்தேனா?” என்றாள்.